கப்பலேறியவருக்குக் காகிதம் இருக்கிறது, ஊரில் இருந்தவருக்கு?

உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். வயது 22. இடது முழங்காலில் தழும்பு. தகப்பன் பெயர் முனியன். ஜில்லா வடஆர்க்காடு, தாலுகா குடியாத்தம். அடுத்த கட்டத்தில் ஊர்ப் பெயர்.

இது மாதிரிக்கு நான் எழுதிய வரி. ஆனால் இதே அச்சில் ஒன்றரை லட்சம் வரிகள் உண்மையாகவே இருக்கின்றன. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 340 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போன ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் கரையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். கரும்புத் தோட்டம், ரயில் பாதை, நிலக்கரிச் சுரங்கம் என்று பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கருமாக. இவர்கள் ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது.

டர்பனில் இருந்து வேர் தேடி வருகிறவர்கள் கையில் கொண்டுவருவது அந்த வரியின் நகலைத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பொறாமை வரும். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிற ஆகப் பழைய காகிதம் 1936ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். அதற்கு முன்னால் எங்களுக்குக் காகிதமே கிடையாது. என் கொள்ளுத்தாத்தா என்ன உயரம் இருந்தார், உடம்பில் எங்கே தழும்பு இருந்தது, எதுவும் தெரியாது. கப்பலேறிப் போன ஏழைக் கூலியின் முழங்கால் தழும்பு 130 வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. அவனுடைய அண்ணன், ஊரிலேயே இருந்து ஊரிலேயே செத்தவன், பெயரளவில்கூட இல்லை.

ஏன் இப்படி என்று யோசித்தால் குடும்ப வரலாறு தேடும் வேலையின் பாதி புரிந்துவிடும். நம் தாத்தாவை நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் எந்தப் பதிவேட்டையும் தொடங்கவில்லை. ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுத்த ஆள் ஓடிப்போனால் பிடிக்கத் தழும்பு வேண்டும். நிலவரி வாங்கப் பட்டாதாரர் பெயர் வேண்டும். யாரோ ஒருவருக்கு இன்னொருவரிடமிருந்து உழைப்போ பணமோ வரவேண்டியிருந்த இடத்தில்தான் காகிதம் பிறந்திருக்கிறது. அதனால் தேடத் தொடங்கும்போது ‘என் தாத்தா யார்?’ என்று கேட்பதைவிட ‘என் தாத்தாவிடம் யாருக்கு என்ன வேலை இருந்தது?’ என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

பெயரை நம்பாதே, ஊரை நம்பு

வெள்ளைக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுத் தேடப் போகிறவர்கள் முதலில் சறுக்குவது பெயரில். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று நூல் மாதிரி நீண்டு வரும், அதைப் பிடித்துக்கொண்டே முந்நூறு வருடம் பின்னால் போய்விடலாம். நமக்கு இருப்பது தகப்பன் பெயரும் இனிஷியலும்தான். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். முனியன் மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனியன், அந்த முனியன் மகன் மறுபடியும் சின்னசாமி. ஒரு பத்திரத்தில் ‘முனியன் மகன் சின்னசாமி’ என்று பார்த்தால் அது எந்தச் சின்னசாமி என்று வருடத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வருடமும் தெரியாவிட்டால் கதை முடிந்தது.

கடல் கடந்த இடத்தில் இந்த ஓட்டம் உறைந்துபோனது. நேட்டாலில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலியார் ‘மூட்லி’, படையாச்சி ‘படையாச்சீ’. சாதிப் பட்டம் குடும்பப் பெயரானது. பலருக்கு அதுவும் இல்லை, கப்பலேறியவரின் சொந்தப் பெயரோ அவருடைய தகப்பன் பெயரோ அப்படியே பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்பிலும் ரீயூனியனிலும் முத்துசாமியும் ராமசாமியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் குடும்பப் பெயர்களாக இன்றும் இருக்கிறார்கள். புதுச்சேரியில் இதற்குச் சட்டமே வந்தது. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, தம் சாதி வழக்கத்துக்கான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் நிரந்தரக் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது அப்படித்தான். பிரெஞ்சில் அதற்கு ‘கதவு’ என்று பொருள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற சந்ததிக்குத் தேடல் சுலபம். அந்தப் பக்கம் மறுபடியும் முனியன் மகன் சின்னசாமிதான்.

பெயர் கைவிடும் இடத்தில் ஊர் கைகொடுக்கும், அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால். இந்த இடத்தில்தான் விவரம் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்படுகிறார். கப்பல் பட்டியலில் வடஆர்க்காடு என்று இருந்தால் டர்பன்காரர் கூகுளில் வேலூரைத் தேடுவார். ஆவணம் பார்த்துப் பழகியவர் முதலில் வருடத்தைக் கேட்பார். 1911க்கு முன்னால் சித்தூர், சந்திரகிரி, பலமநேர் எல்லாம் வடஆர்க்காட்டில்தான் இருந்தன. இன்று அவை ஆந்திரம். ஆகவே தேடும் ஊர் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், தேடும் தாத்தா தமிழே பேசாதவராகவும் இருந்திருக்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கத்திலும் நிலைமை சும்மா இல்லை. 1989இல் வடஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கப்பல் பட்டியலில் இருக்கும் ஒரே ஜில்லாவைத் தேட இன்று நாலைந்து கலெக்டர் ஆபீஸ் ஏற வேண்டியிருக்கும்.

அப்புறம் எழுத்துக்கூட்டு. கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைக்கும் கூலி டிப்போவில் முனியன் மகன் தன் ஊரைச் சொல்கிறான். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுகிறார். ‘பாக்கம்’, ‘பாடி’, ‘பட்டு’ என்ற வால்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுகின்றன. ழகரம் எல் ஆகிறது, சில சமயம் ஆர் ஆகிறது. புதூர், நல்லூர் என்று இருந்தால் இன்னும் மோசம், ஒவ்வொரு தாலுகாவிலும் ஒன்றாவது இருக்கும். இதில் என் அனுபவம், எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதைவிட அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரிடம் அதை உரக்கப் படித்துக் காட்டுவது மேல். கண்ணுக்குப் பிடிபடாத ஊர் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

அந்த வரியில் சாதி என்று ஒரு கட்டமும் உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். ஏஜென்ட் எந்தச் சாதியை விரும்புகிறான் என்று பார்த்து மாற்றிச் சொன்னவர்கள் இருந்தார்கள், கிறிஸ்தவர் என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் இருந்தார்கள். சிலர் கப்பலேறியதே சாதியை விட்டுத் தப்பிக்கத்தான். அவர்கள் குமாஸ்தாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் என்ன?

அதே பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெண்களுக்குத் தனி வரி. இன்னார் மனைவி என்று புருஷன் வரியில் ஒட்டவைக்காமல், தனி எண், தனிப் பெயர், அவளுடைய தகப்பன் பெயர், ஊர், உயரம், தழும்பு எல்லாம் தனியாக. காரணம் பெண்ணுரிமை இல்லை, அவளும் கணக்கில் ஒரு கூலி. இருந்தாலும் அந்தக் காலத்துத் தமிழ்ப் பெண்ணைப் பற்றி அவ்வளவு விவரம் எழுதிவைத்த காகிதம் உள்ளூரில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நேட்டாலில் அந்த எண் சாகும்வரை கூடவே வந்தது. முதலாளி மாறினால், கல்யாணம் பதிந்தால், இறந்தால், எல்லாக் காகிதத்திலும் அந்த எண். பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தாலும் எண் ஒன்றேதான்.

மொரீஷியஸ்காரர்களுக்கு இன்னும் ஒரு படி மேல். 1834இல் ‘அட்லஸ்’ கப்பலில் தொடங்கி ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அங்கே இறங்கினார்கள். 1860களின் நடுவிலிருந்து கூலிகளைப் படம் பிடிக்கவும் ஆரம்பித்தார்கள். மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. கொள்ளுப்பாட்டியின் முகத்தை முதல் தடவையாக அங்கே பார்த்தவர்கள் உண்டு. ஃபிஜிக்குப் போன 60,965 பேரில் சென்னை வழியாகப் போனவர்கள் ஏறக்குறைய 15 ஆயிரம், 1903க்குப் பிறகு. அவர்களுடைய எமிக்ரேஷன் பாஸ் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்களைத் தேடப் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரக் காப்பகம் பல பிறப்பு இறப்புப் பதிவேடுகளை இணையத்திலேயே போட்டிருக்கிறது.

இந்தக் காகிதங்களுக்கு இப்போது அரசாங்க மதிப்பும் கூடியிருக்கிறது. மொரீஷியஸில் ஏழாம் தலைமுறை வரை இந்திய வம்சாவளியினர் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை பெறலாம் என்று 2024இல் அறிவிப்பு வந்தது. டிரினிடாடில் ஆறாம் தலைமுறை வரை என்று 2025இல் சொன்னார்கள். ஆறு தலைமுறையை வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. 1845இல் ‘ஃபாட்டல் ரசாக்’ கப்பலில் டிரினிடாடில் இறங்கியவரின் சந்ததிக்குக் காப்பகத்துக் காகிதம்தான் வழி.

காகிதம் எழுதாதவர்கள்

இதே காலத்தில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கதை நேர்மாறு. நேட்டாலுக்குப் போனவனிடம் அரசு ஒப்பந்தம் இருந்தது. மலையகத்துக்குப் போனவனைக் கூட்டிப்போனது கங்காணி, பெரும்பாலும் அதே ஊர்க்காரர். துறைமுகக் குமாஸ்தா உட்கார்ந்து ஒவ்வொருவரின் தகப்பன் பெயரும் தழும்பும் எழுதவில்லை. ஆள் கங்காணியின் கணக்கில் இருந்தான், முன்பணக் கடனாக. தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும், அதாவது இவன் இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைத் தீர்ப்பவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்ற சீட்டு. அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கங்காணி செத்தால் அவர் கணக்கும் போச்சு.

பிறகு 1948 வந்தது. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஒரு குடும்ப வரலாற்றுக் கேள்வியைக் கேட்டது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தாரா? இல்லையென்றால் தகப்பன்வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தார்களா? காட்டு. தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்த தாத்தாவின் பிறப்பை யார் போய்ப் பதிந்திருப்பார்கள்? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தவர்களுக்கு முழுதாகத் தீர்வு வர 2003 ஆகிவிட்டது. குடும்ப மரம் வரைவதை ஓய்வுகாலப் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு சட்டத்தைப் படித்தால் போதும்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு, அங்கே காணி இருந்தது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் எழுதிய தோம்பு என்ற பதிவேட்டில் காணிகளுக்கும் குடும்பங்களுக்கும் பதிவு உண்டு. தோம்பில் ஏறிய காணிப் பெயர் இன்றும் உறுதிகளில், அதாவது பத்திரங்களில், தொடர்கிறது. காணி உள்ளவனுக்குக் காகிதம், கூலிக்குப் போனவனுக்குத் துண்டு.

செக்குபந்தியைப் படியுங்கள்

சரி, கப்பல் ஏறாதவர்கள் எங்கே தேடுவது? பிறப்புச் சான்றிதழில் தொடங்குவார்கள், பெரும்பாலும் ஏமாந்து திரும்புவார்கள். பிறப்பு இறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1969இல். அதற்கு முன் கிராமத்தில் எழுதியது மணியக்காரரும் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணமும். பதிவே இருந்தாலும் ‘ஆண் குழந்தை’ என்றுதான் இருக்கும், பெயர் வைப்பதற்கு முன்பே எழுதியாயிற்று. 1980இல் பரம்பரைக் கர்ணம் வேலையை அரசு ஒழித்தபோது அந்த வீடுகளில் கிடந்த கட்டுகளில் எவ்வளவு தாலுகா ஆபீசுக்கு வந்தன, எவ்வளவு பரணிலேயே செல்லரித்தன என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1706இல் வந்திறங்கிய பிறகு சீர்திருத்தச் சபைகள் எழுதிவருகின்றன, கத்தோலிக்கர்கள் அதற்கும் முன்பிருந்து. குழந்தை, தாய் தகப்பன், ஞானப்பெற்றோர் என்று ஒரே வரியில் நாலைந்து உறவு கிடைக்கும். மதம் மாறிய வருடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பழைய பெயர் அந்த ஒரு வரியோடு நின்றுவிடும். அடுத்த வரியில் அவர் சவரிமுத்து.

மற்றவர்களுக்கு நான் சொல்வது பத்திரம். துண்டு நிலமாவது வாங்கி விற்றிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏதாவது இருக்கும். வில்லங்கச் சான்று 1975க்குப் பிந்தையதை இணையத்திலேயே எடுக்கலாம். அதற்கு முந்தையது இணையத்தில் இல்லையென்றால் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடவைக்க வேண்டும், பொறுமை இருந்தால். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அண்ணன் தம்பி எத்தனை பேர், முந்திச் செத்தவருக்கு வாரிசு யார், மைனர் யார், அவருக்குக் கார்டியன் யார் என்று குடும்ப மரமே அதில் இருக்கும்.

வெறும் கிரயப் பத்திரம்தான் இருக்கிறதா? அதன் கடைசியில் செக்குபந்தி என்று நாலு எல்லை எழுதியிருப்பார்கள். எங்கள் 1936 பத்திரத்தில் இப்படி: வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, பெருமாள் நிலத்துக்குக் கிழக்கு, சடையன் நிலத்துக்கு மேற்கு. இருபது வருடமாக அந்தப் பத்திரத்தைப் பார்த்திருக்கிறேன், அந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை. பக்கத்து நிலம் யாருடையதாக இருக்கும்? ஒரே நிலத்தைப் பாகம் பிரித்தால் பக்கத்தில் இருப்பது பங்காளிதானே. பெருமாள் யாரென்று விசாரித்தபோது, எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பெரியப்பா மகன் ஒருவர் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அவர் வீட்டுக்காரர்களோடு எங்களுக்கு ரெண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஞாபகமும் இல்லை.

நிலமும் இல்லாதவர்களுக்குக் குலதெய்வம். ஊர்விட்டு ஊர் போனவர்கள்கூட மொட்டை போடவும் காது குத்தவும் அங்கே வந்தாக வேண்டும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். யார் வீட்டுக்கு எத்தனை தலைக்கட்டு, யார் கொடுத்தார், யார் பாக்கி என்று ஒரு நோட்டு இருக்கும். நாற்பது, ஐம்பது வருட நோட்டுகளைக் கட்டிவைத்திருக்கும் பூசாரிகளும் நாட்டாமைகளும் உண்டு. கல்யாணமானால் புதுத் தலைக்கட்டு, செத்தால் அடிப்பு. எந்தக் காப்பகத்திலும் இல்லாத மக்கள் கணக்கு அது. செட்டிநாட்டுக்காரர்கள் இதில் எப்போதுமே ஒரு படி முன்னால். நகரக் கோயில் பதிவும், கல்யாணத்துக்கு எழுதும் இசைகுடிமானமும் அவர்களுக்கு உண்டு.

நிபுணர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நிலவரி செட்டில்மென்ட் பதிவேட்டைப் புரட்டத் தெரிந்தவர், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. எதுவும் புரட்டாமலே உங்கள் வம்சத்தை ராஜராஜன் வரை கொண்டுபோய் நிறுத்துகிறவர் இருக்கிறாரே, அவரை விட்டு ஓடிவிடுங்கள். நல்ல நிபுணரின் அடையாளம், மூன்றாம் தலைமுறையில் நிறுத்தி ‘இதற்கு மேல் ஆதாரம் இல்லை’ என்று சொல்வது.

எச்சில் சொல்வது என்ன?

காகிதம் தீர்ந்த இடத்தில் டிஎன்ஏ கைகொடுக்கும் என்பது இப்போதைய நம்பிக்கை. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், மரபணுவில் ஆறேழு லட்சம் இடங்களைப் படித்து, நீங்கள் எத்தனை சதவீதம் தென்னிந்தியர் என்றும் அவர்களுடைய தரவுத்தளத்தில் யார் யார் உங்களுக்குச் சொந்தம் என்றும் சொல்வார்கள்.

சதவீதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. மாதிரி மாறினால் சதவீதம் மாறும். போன வருடம் இருந்த ஏழு சதவீத வங்காளம் இந்த வருடம் காணாமல் போகும். ஊர்ப் பெயர் சொல்லும் அளவுக்கு நுணுக்கம் அதில் கிடையாது. குடியாத்தமா போளூரா என்று எச்சிலுக்குத் தெரியாது.

சொந்தம் கண்டுபிடிப்பது அதைவிட உறுதியான விஷயம், கணக்கைப் புரிந்துகொண்டால். 1890இல் 22 வயதில் கப்பலேறியவருக்கு டர்பனில் இன்று ஐம்பது வயதுச் சந்ததி இருந்தால், போனவர் அவருக்கு எள்ளுத்தாத்தா முறை வருவார். போனவருடைய அண்ணனின் சந்ததி குடியாத்தம் பக்கத்தில் அதே வயதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் எச்சில் கொடுக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாக்கள் கூடப்பிறந்தவர்கள் என்றால் பத்தில் ஒன்பது முறை டிஎன்ஏவில் பொருத்தம் தெரியும். எள்ளுத்தாத்தாக்கள் என்றால் பாதிக்குப் பாதிதான். ரத்த சொந்தம் என்பது உண்மையாகவே இருந்தும் டிஎன்ஏ கையை விரித்துவிடலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வீட்டிலேயே வயதான ஆளை முதலில் துப்பச் சொல்வார்கள். பாட்டி இரண்டு தலைமுறை முன்னால் இருக்கிறார், பேரனைவிட அவர் எச்சிலுக்கு மதிப்பு அதிகம்.

இதற்கெல்லாம் முன்னால், குடியாத்தம்காரர் துப்பியிருக்க வேண்டுமே. வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களின் கிட்டுகள் இங்கே பரவவில்லை. தரவுத்தளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா போனவர்கள். டர்பன்காரருக்குப் பொருத்தமாக வருவது இன்னொரு டர்பன்காரர், அல்லது டொரன்டோவில் குடியேறிய டர்பன்காரர்.

வந்த பொருத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் கல்யாண முறை இந்தக் கணக்கைக் குழப்பும். சொந்தத்தின் அளவை சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள். அந்த அட்டவணைகள் சொந்தத்துக்குள் கட்டாத ஐரோப்பியர்களை வைத்துப் போட்டவை. நம் வீட்டில் அத்தை மகனைக் கட்டுவார்கள், மாமன் மகளைக் கட்டுவார்கள், அக்கா மகளையும் கட்டுவார்கள். தாய்மாமனைக் கட்டிய பெண்ணின் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் அதற்கு அப்பா வழியில் தாத்தா, அம்மா வழியில் கொள்ளுத்தாத்தா. சாதாரணமாகத் தாத்தாவிடமிருந்து கால் பங்கு வரும். இங்கே இன்னொரு வழியாக அரைக்கால் சேரும். சராசரி 25 சதவீதம் 37.5 ஆகிறது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறந்த குழந்தைக்கு எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். இது தலைமுறைக்குத் தலைமுறை நடந்திருந்தால் தூரத்துச் சொந்தம் பக்கத்துச் சொந்தமாகத் தெரியும். நிறுவனம் ‘இரண்டாம் நிலைச் சொந்தம்’ என்று சொல்வது நிஜத்தில் நாலாம் நிலையாக இருக்கலாம்.

அதற்கும் அடியில் சாதி இருக்கிறது. 2013இல் வந்த ஆய்வு ஒன்று, இந்திய மக்கள் பரவலாகக் கலந்தது 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் என்றும் அதன் பிறகு உள்வட்டக் கல்யாணம் இறுகியது என்றும் காட்டியது. ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைஷ் ஆகியோரின் குழு 2017இல் 260க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களை ஆராய்ந்தபோது, 81 சமூகங்களில் ஒரு சிறு மூதாதைக் கூட்டத்திலிருந்து பெருகிய தடம் மிக அழுத்தமாக இருந்தது. இதற்கு மருத்துவப் பக்கமும் உண்டு. ஆரிய வைசியரிடையே, மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்து சிலருக்கு நேரத்தில் தெளியாமல் போகும் மரபுக் குறைபாடு நன்கு அறியப்பட்டது. தாத்தா தேடும் வேலைக்கோ இது வெறும் இரைச்சல். ஒரே சமூகத்தார் இரண்டு பேர் எடுத்ததும் சொந்தம் மாதிரித்தான் தெரிவார்கள். மொத்த அளவைவிட, அறுபடாமல் வரும் நீளமான துண்டு ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பழைய சொந்தம் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறியிருக்கும், புதிய சொந்தம் நீளமாக இருக்கும்.

நம் உறவுமுறைக்குப் பொருந்துகிற சோதனை ஒன்று உண்டென்றால் அது ஒய் குரோமோசோம். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, அப்படியே பங்காளி வழி. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் இரண்டு பங்காளி வீடுகள் உண்மையிலேயே ஒரே தகப்பன் வழிதானா என்று இதில் பார்க்கலாம், பதிலைத் தாங்கும் தெம்பு இருந்தால். தாயிடமிருந்து வரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நம்மிடம் உறவுமுறை இருக்கிறது. கொண்டையங்கோட்டை மறவரின் கிளை, மட்டக்களப்பின் குடி இரண்டும் தாய்வழி.

உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்துக்காரர் ஒருவரின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற குறி இருப்பதை மதுரைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டறிந்தபோது, ‘முதல் மனிதன் மதுரைக்காரன்’ என்கிற மாதிரிப் பேச்சு கிளம்பியது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த மிகப் பழைய கூட்டத்தின் தகப்பன் வழிக் குறி அது, அவ்வளவுதான். அவருடைய தாய், பாட்டி, மற்ற ஆயிரம் மூதாதையர் யார் என்று அந்த ஒற்றைக் குறி சொல்லாது. பெருமை நியாயம், தலைப்பு மிகை.

துப்புவதற்கு முன் யோசிக்க வேண்டியவையும் உண்டு. பெரிய நிறுவனங்களில் ஒன்றான 23அண்ட்மீயில் 2023இல் 69 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது. 2025 மார்ச்சில் அது திவால் மனுவே கொடுத்தது. பாஸ்வேர்டை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. அதோடு அது உங்களுடையது மட்டும் இல்லை, தம்பியுடையதும் சித்தப்பாவுடையதும்கூட. கலிபோர்னியாவின் பழைய தொடர்கொலை வழக்கில் 2018இல் ஆள் பிடிபட்டது அவர் துப்பியதால் இல்லை, தூரத்துச் சொந்தக்காரர்கள் துப்பியதால். நம் வீடுகளில் கொலைகாரன் கிடைப்பது அபூர்வம். பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கை கொடுத்த குழந்தை, ஊருக்குச் சொல்லாத முதல் கல்யாணம், இவை கிடைக்கும். பாட்டி சாகும்வரை காப்பாற்றிய ரகசியத்தைத் தள்ளுபடி விலைக் கிட் ஒன்று உடைத்துவிடும்.

சில வருடத்துக்கு முன் டர்பனிலிருந்து வந்த ஒரு தம்பதியை ஆரணிப் பக்கம் ஓர் ஊருக்குக் கூட்டிப்போனேன். கப்பல் பட்டியல் வரி கையில் இருந்தது, ஊர்ப் பெயர் ஏறக்குறையப் பொருந்தியது, தகப்பன் பெயர் ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. கிழவிகள் நாலு பேரிடம் கேட்டோம். ஒருவர் ‘ஆமா, கப்பலுக்குப் போனாங்கன்னு எங்க மாமியார் சொல்லும்’ என்றார். யார் போனது என்றால் தெரியவில்லை. டிஎன்ஏ சோதனை பற்றிக் கணவர் மெதுவாகப் பேச்செடுத்தார். ஊசி போடுவார்களா என்று கேட்டுவிட்டு எல்லோரும் நழுவிவிட்டார்கள். நிரூபணம் என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மத்தியானம் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது நோட்டு வைத்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். ‘இவ்ளோ தூரம் வந்துட்டு வரி கொடுக்காம போவாங்களா?’ என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னதும் அந்தம்மா பணத்தை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் பக்கத்தைத் திருப்பி, கடைசித் தலைக்கட்டுக்குக் கீழே கோடு போட்டு, அவர்கள் பெயரைக் கேட்டுக் கேட்டுத் தன் எழுத்துக்கூட்டில் எழுதினார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் கப்பலேறியவரின் பெயரையே போட்டார், அது நாலு தலைமுறை தள்ளி என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வீடு எங்கே என்பதற்கு ‘டர்பன்’. ஐம்பது வருடம் கழித்து யாராவது அந்த நோட்டைத் தேடி எடுத்து, இதோ ஆதாரம் என்று படம் பிடிப்பார்கள்.